விடுதிக் கட்டண மென்பொருள் முன்மொழிவை நிதிக்குழு திருப்பிய கேள்விக்குப் பதில்

விடுதிக் கட்டண மென்பொருள் வாங்கும் முன்மொழிவை நிதிக்குழு திருப்பிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "தொடர் செலவினம் தெளிவாக இல்லை", அதாவது வாங்கிய பின் ஆண்டுதோறும் வரும் செலவு தெரியவில்லை என்று எழுதித் திருப்பியிருக்கிறார்கள் என்றால், மென்பொருளின் சிறப்புகளை இன்னும் இரண்டு பக்கம் விவரித்துப் பயனில்லை. முதலாண்டு விலைக்குப் பக்கத்திலேயே அடுத்த நான்கு ஆண்டுகளின் செலவையும், அது எந்தக் கணக்குத் தலைப்பில் (செலவைப் பதியும் வகையில்) வரும் என்பதையும் ஒரே அட்டவணையில் காட்டி மீண்டும் அனுப்புங்கள்.

நிறுவனம் தந்த விலைப்புள்ளியை அப்படியே இணைத்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதில் வாங்கும் விலை இருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், உரிமப் புதுப்பிப்பு, யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு ஆகியவை இருக்காது. தஞ்சைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததைக் குழுவினர் மறந்திருக்க மாட்டார்கள். அதனால், சர்வர் கட்டடத்தின் எந்தத் தளத்தில் இருக்கும், தரவின் நகல் ஒன்று வெளியூரில் இருக்குமா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். என் கருத்தில், அந்த ஒரு பத்திதான் உங்கள் கோப்புக்கு வலுச் சேர்க்கும்.

அனுப்புமுன் நிதி அலுவலர் பிரிவில் கோப்பைக் காட்டி, "மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் தயங்கும் இடத்தில்தான் குழுவும் தயங்கும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், கொள்முதலை ஒழுங்குபடுத்தும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். தொகையைக் குறைத்துக் காட்டுவதற்காக வன்பொருள், மென்பொருள், பயிற்சி என்று மூன்று கோப்புகளாகப் பிரித்தால், ஒப்புதல் கிடைத்தாலும் பின்னர் தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.