வாடகைக்கு மாதாமாதம் காசு குறைகிறதா? கவுன்சிலிடம் கேட்கும் முறை

தம்பி, அகதி அந்தஸ்து கிடைத்து, மனைவி பிள்ளைகளோடு லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறீர்கள். யூனிவேர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வந்தும் வாடகைக்கு மாதம் 300 பவுண்ட் துண்டு விழுகிறது, கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) மேலதிகமாக ஏதும் தருமா என்று கேட்டிருந்தீர்கள். தரும். டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட் என்ற பெயரில் 2001 முதல் இருந்துவரும் உதவி அது. இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் முதல் அதைக் கிரைசிஸ் அன்ட் ரெசிலியன்ஸ் பண்ட் என்ற நிதிக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆகவே கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பழைய பெயரைக் காணவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இது கடன் இல்லை. யூனிவேர்சல் கிரெடிட்டிலும் கழிக்கமாட்டார்கள். ஆனால் உரிமையாகக் கிடைப்பதும் இல்லை. வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பணத்தில் அதிகாரி பார்த்துத் தீர்மானிப்பது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, கடைசி மாதங்களில் கேட்பவர்களுக்குக் கை சுருங்கும். ஜொப்சென்டரிலோ (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்), யூனிவேர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் ஜேர்னலிலோ எழுதிக் கேட்டுப் பயனில்லை. கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடிப்படை நிபந்தனை, ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவி அல்லது வீட்டு வாடகைப் பகுதி சேர்ந்த யூனிவேர்சல் கிரெடிட் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) குறைப்பு மட்டும் வாங்குபவர் இதற்குள் வரமாட்டார். மாணவர் விசா, வேலை விசா என்று பொது நிதி பெறத் தடையோடு இருக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லி விண்ணப்பிக்க வைத்துவிடாதீர்கள், அவர்களுடைய விசாவுக்கே பாதகமாகும். உங்கள் அந்தஸ்துக்கு அந்தத் தடை இல்லை.

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் அந்த 300 பவுண்ட் எங்கே குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். யூனிவேர்சல் கிரெடிட் கணக்குக்குள் போய்க் கடைசி மாதக் கொடுப்பனவு விவரத்தை வரிவரியாகப் பாருங்கள். வாடகை வரியில் இருக்கும் தொகை உங்கள் வாடகையை விடக் குறைவாக இருந்தால், அது லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்பு. அந்தப் பகுதிக்கும் அறை எண்ணிக்கைக்கும் ஏற்ப வைப்பது. 2024 ஏப்ரலில் உயர்த்தியபின் அதை உறைய வைத்திருக்கிறார்கள், வாடகை மட்டும் ஏறுகிறது. கீழே பெனிபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பு) என்று தனியாகக் கழித்திருந்தால் கதை வேறு. லண்டனில் குடும்பத்துக்கு வரும் உதவித்தொகை மொத்தம் மாதம் 2,110.25 பவுண்டுக்கு மேல் போனால் வெட்டுவார்கள். கணவன் மனைவி இருவரின் சம்பளமும் சேர்ந்து, தேசியக் குறைந்தபட்சக் கூலியில் கிழமைக்கு 16 மணி நேரத்துக்குச் சமமாக வந்தால் அந்த வெட்டு முழுதாக நீங்கும். உங்கள் பகுதிநேர வேலையில் இரண்டு மணி நேரம் கூட்டினாலே தீரும் பிரச்சினையாகக்கூட இருக்கலாம், முதலில் அதைக் கணக்குப் பாருங்கள்.

இந்த இரண்டு குறைவுக்கும் உதவி கேட்கலாம். யூனிவேர்சல் கிரெடிட்டின் ஆரம்பத்தில் முன்பணமாக வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கழிப்பது, சாங்ஷன் (நிபந்தனையை மீறினால் விழும் வெட்டு), வாடகையோடு சேர்ந்த தண்ணீர், ஹீற்றிங் கட்டணம் ஆகியவற்றுக்குக் கிடைக்காது. அட்வான்ஸ் கழிவு பெரிதாக இருந்தால் ஜேர்னலில் எழுதிக் குறைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது வங்கி அறிக்கையில்தான். எல்லாக் கணக்குகளுக்கும் கடைசி இரண்டு மூன்று மாத அறிக்கையைக் கேட்பார்கள். அதில் மாதம் 200 பவுண்ட் ஒரு தனிநபருக்குப் போவது தெரியும். உங்களுக்கு அது சீட்டுக் காசு. அதிகாரிக்கு அது சேமிப்பு. 'சேமிக்க 200 இருக்கிறது, வாடகைக்கு இல்லையா?' என்று கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது. சீட்டை ஏற்கனவே எடுத்துவிட்டு மிச்சத் தவணைகளை மட்டும் கட்டுகிறீர்கள் என்றால், அது கடன் என்று எழுதி, எப்போது முடியும் என்பதையும் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான். அம்மாவின் மருந்துக்கு என்றால் காரணத்தை எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம். படிவத்தில் எழுதிய செலவும் அறிக்கையில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் நம்பிக்கை போய்விடும். சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எழுதுவதும் பிழை. எழுதிய கணக்கில் மிச்சம் வந்தால், உதவி தேவையில்லை என்றுதான் முடிவெடுப்பார்கள்.

வாடகையைக் கையில் கொடுத்து ரசீது வாங்காமல் இருந்தால் இன்றே வங்கி வழியாகக் கட்டத் தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தம், கொடுப்பனவு விவரம், நிலுவை இருந்தால் வீட்டுக்காரரின் கடிதம், பிள்ளைக்கு நோய் இருந்தால் ஜீபீயின் (குடும்ப மருத்துவரின்) கடிதம், எல்லாவற்றையும் இணையுங்கள். வீட்டில் யாருக்காவது டிஎல்ஏ அல்லது பிஐபி என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது என்றால், அது மாற்றுத்திறனால் ஆகும் கூடுதல் செலவுக்குப் போகிறது என்று தனித்தனியே எழுதுங்கள். டிஎல்ஏயின் பராமரிப்புப் பகுதியை எப்போதும் வருமானமாகவே கணக்கிட்ட சாண்ட்வெல் கவுன்சிலின் நடைமுறை சட்டப்படி செல்லாது என்று 2015இல் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதிகாரி உண்மையில் தேடுவது, இந்தப் பணம் நின்றபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கான பதில். பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் தருவார்கள். 'சின்ன மகள் செப்டம்பரில் பள்ளிக்குப் போகிறாள், அதன்பின் மனைவி வேலைக்குப் போவார், அதுவரை ஆறு மாதத்துக்கு மாதம் 300 வேண்டும்' என்று எழுதுவது, 'மிகவும் கஷ்டப்படுகிறோம், உதவுங்கள்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதை விட மேல்.

மலிவான வீட்டுக்கு மாறுவதுதான் திட்டம் என்றால் அதற்கும் ஒரேதடவைத் தொகை கேட்கலாம்: டிபொசிட், முதல் மாத வாடகை, வான் கூலி. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு டிபொசிட் ஐந்து கிழமை வாடகையைத் தாண்டக்கூடாது. ஆனால் கவுன்சிலின் எழுத்துமூலச் சம்மதம் வருமுன் கையெழுத்து வைக்காதீர்கள், கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் 'கட்ட முடிந்திருக்கிறதே' என்று மறுக்க இடமுண்டு.

மறுத்தால் ட்ரிபியூனலுக்கு (மேல்முறையீட்டு மன்றம்) போக முடியாது. கவுன்சிலிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும், கால எல்லை மறுப்புக் கடிதத்தில் இருக்கும். எந்தக் காரணத்துக்காக மறுத்தார்களோ அதற்கு மட்டும் புதிய சான்றோடு பதில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக உதவுவார்கள், மறுப்புக் கடிதத்தையும் வங்கி அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள்.