ஃப்ளின்ட்லாக் துப்பாக்கி ஐந்து குண்டுக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. இன்-லைனுக்கு மாறிவிடலாமா?

மாறாதீர்கள். ஃப்ளின்ட்லாக் என்பது குழல் முனை வழியாக மருந்தும் குண்டும் நிரப்பி, கல் உரசும் பொறியால் பக்கத்துத் தட்டில் தீப்பற்றிச் சுடும் பழைய பாணி. இன்-லைன் அதன் நவீன வடிவம்; கல்லும் தட்டும் கிடையாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். அங்கே கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கும் மான் வேட்டைப் பருவம் ஃப்ளின்ட்லாக்குக்கு மட்டுமே. இன்-லைன் அதில் செல்லாது. இருப்பதை விற்றுவிட்டு டிசம்பரில் கையைப் பிசைய வேண்டாம்.

ஐந்தாவது குண்டு உள்ளே இறங்க அடம்பிடிக்கிறது, குறி சிதறுகிறது, பாதி நேரம் தட்டில் மட்டும் 'புஸ்' என்று எரிந்து அடங்கிவிடுகிறது என்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் துப்பாக்கி காரணமில்லை. சக்கிமுக்கிக் கல்லும் காரணமில்லை. கல் மழுங்கியிருந்தால் தட்டிலேயே தீ வந்திருக்காதே. வெடிமருந்து, குண்டைச் சுற்றும் துணி, குழலைத் துடைக்கும் விதம் என்ற வரிசையில் பாருங்கள்.

என்ன மருந்து போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரிய கடையில் வாங்கியிருந்தால், அசல் கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் அல்லது டிரிபிள் செவனாகத்தான் இருக்கும். கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். கேப்பு (அடிபட்டதும் தீ கக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கியில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பற்றிக்கொள்ள அசல் கருமருந்தைவிட அதிகச் சூடு கேட்கும். ஃப்ளின்ட்லாக்கில் தட்டின் தீ சுமார் 1.6 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தச் சூடு இதற்குப் போதாது. அடியில் ஐந்து கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு அளவு) அசல் மருந்தைப் போட்டு மேலே பைரோடெக்ஸ் போடுகிறவர்கள் உண்டு. அசல் மருந்து கையில் இருக்கும்போது முழுக்க அதையே போடவேண்டியதுதானே!

கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி விற்பதுதான் எனக்கு எரிச்சல். கருமருந்து சட்டப்படி வெடிபொருள்; விற்பவருக்கு அதற்கென உரிமமும் தனிக் கிடங்கும் வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாமென்று அவர் வைப்பதில்லை, அவ்வளவுதான். வாங்குபவருக்கு அந்தத் தொல்லை இல்லை: இந்த வகைத் துப்பாக்கிக்காக 50 பவுண்டு வரை வைத்துக்கொள்ள அமெரிக்க மத்தியச் சட்டமே விலக்கு அளிக்கிறது. கோயெக்ஸ், சுவிஸ், ஷுட்சன் என்ற கருமருந்து பிராண்டுகள் மூன்றில் எதுவும் சரி. கூரியரில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வரும். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

உங்கள் 50 காலிபருக்கு (அரை அங்குலக் குழல்) 3எஃப் மருந்து, தட்டுக்கு 4எஃப். எஃப் கூடக்கூடப் பொடி நைசு. அளவுக் குழாயில் 50 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 50 கஜ இலக்குக்கு 60, 70 தாராளம். ஒரு பவுண்டு 7000 கிரெயின், ஆக 70 போட்டால் நூறு வெடி. மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பு முழுக்கக் கையிலேயே வெடிக்கும். இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது, குழல் பிளந்துவிடும்.

அடுத்து குறி சிதறுவது. 0.490 அங்குல ஈயக் குண்டு, அதைச் சுற்றி 0.015 அல்லது 0.018 அங்குலக் கனமுள்ள பருத்தித் துணி. தலையணை உறைக்கான கெட்டி நெசவு நன்றாக உழைக்கும். டி-ஷர்ட் துணி வேண்டாம். ஈயம் சுத்தமாக, நகம் பதியும் மென்மையில் இருக்கவேண்டும். சுட்டபின் குழல் முனையிலிருந்து ஐந்து முதல் பத்து கஜத்துக்குள் அந்தத் துணி விழுந்து கிடக்கும். மைதானத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்தியபின் போய்ப் பொறுக்குங்கள். நடுவில் ஒரு கரிவட்டம், சுற்றிலும் துணி முழுசாக, எடுத்து மறுபடி போடலாம்போல இருந்தால் சரி. நடுவே பொசுங்கி ஓட்டையானால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம். குண்டின் விளிம்பு படும் இடத்தில் வட்டமாக, பிளேடு வைத்ததுபோல நேர்க்கீறல் இருந்தால் குழல் முனையின் ஓரம் கூர். புதுத் துப்பாக்கியில் இது சகஜம். 400 நம்பர் உப்புத்தாளை முனையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்பித் திருப்பித் தேய்த்தால் ஓரம் மழுங்கும்.

மசகுக்குப் பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம். கரியோடு சேர்ந்து தாராக இறுகும். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் உருக்கிச் சேர்த்தது போதும். மைதானத்தில் உடனே சுடுவதற்கு எச்சிலே போதும், சிரிக்காதீர்கள். துப்பாக்கியை நிரப்பி மணிக்கணக்கில் காத்திருக்கும் வேட்டைக்கு எச்சில் ஆகாது. காய்ந்தும் போகும், துருவும் பிடிக்கும்.

ஐந்தாவது குண்டு அடம்பிடிப்பது கசடால். கருமருந்தில் பாதிக்கும் மேல் எரிந்தபின் திடமாகத்தான் மிஞ்சும். நீங்கள் துடைக்காமல் இல்லை, துடைக்கும் விதம் தப்பு என்பது என் ஊகம். சொட்டச் சொட்ட நனைத்த துணியை, குழலை அடைத்துப் பிடிக்கும் ஜாகில் (துடைக்கும் கோலின் நுனியில் துணியைத் தாங்கும் உருளை) வைத்துக் குத்தினால் சேறு முழுக்க அடிக்கு, துளைக்குள் போகும். பிறகு தட்டில் மட்டும் 'புஸ்'. சற்றே சிறிய ஜாக் வாங்குங்கள். அது இறங்கும்போது கசடைத் தாண்டிப் போய், திரும்பும்போது துணி சுருங்கிக் கசடை வாரிக்கொண்டு வரும். துணி ஈரப்பதமாக இருந்தால் போதும். துடைக்கும்போது துளையில் ஒரு கம்பியைச் செருகி வையுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி.

தட்டை நிரப்பி வழியவிடுவதும் பலருக்கு வழக்கம். துளையை மருந்து மூடினால் அது திரிபோல எரிந்து எரிந்துதான் உள்ளே போகும், வெடி தாமதமாகும். மூன்று நான்கு கிரெயின், துளைக்குக் கீழ்மட்டத்தில். அதுவும் குண்டை முழுக்க இறக்கியபின் கடைசியாக. ராம்ராடில் (குண்டை இறக்கும் கோல்) காலிக் குழலுக்கு ஒரு கோடும் நிரப்பிய குழலுக்கு ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும். வெடிக்காவிட்டால் முனையை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள்.

சினிமாவில் கொட்டும் மழையில் வீரர் நிரப்பாமலே மூன்று முறை சுடுவார். அதைப் பார்த்துவிட்டு வந்து "இவ்வளவு வேலையா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

"நாட்டுத் துப்பாக்கிக்கு வகுப்பெடுக்கிறாயா?" என்று வரப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் இதற்கும் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், யாரும் விளையாட வேண்டாம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1968 முதல் இது பழம்பொருள் கணக்கு, ஆனால் நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் கணக்கு வேறு. எல்லை தாண்டுமுன் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கழுவுங்கள். மிஞ்சிய கசடு மழைக்கால உப்பு ஜாடி மாதிரி ஈரத்தை இழுக்கும். துளையைப் பல்குச்சியால் அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு ஊற்றி, ஊறவிட்டுக் கவிழ்த்து, தண்ணீர் தெளியும்வரை துடைக்கவேண்டும். கொதிநீர் வேண்டாம், குழல் சூடேறி, காயும்போதே செந்துரு படியும். காய்ந்ததும் எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள், பழுப்பு ஏறினால் மறுபடி எண்ணெய். அடுத்த முறை மைதானத்தில் மருந்து போடுமுன் அந்த எண்ணெயை ஆல்கஹால் தொட்ட துணியால் முழுக்க எடுங்கள். நாளின் முதல் வெடியே தட்டோடு அடங்கினால் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான் காரணம்.