பதில்: பாண்டம் மேல் வைத்ததும் காயிலின் அதிர்வெண் நழுவுகிறது

எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் சிக்னலைப் பிடிக்க நீங்கள் செய்த 10 செ.மீ. வட்டக் காயில், ஒரே கெபாசிட்டர். மேசையில் 127.7 மெகாஹெர்ட்ஸில் நிற்பது, உப்புநீர் பாண்டம் (ஆளுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் பாத்திரம்) மேல் வைத்ததும் 3 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். டியூனிங்கைத் திருகிப் பயனில்லை. மின்னழுத்தம் முழுக்க அந்த ஒரே கெபாசிட்டரின் முனைகளில் குவிகிறது. அங்கிருந்து மின்புலம் உப்புநீருக்குள் இறங்குவதால் கூடுதல் கெபாசிட்டன்ஸ் ஒட்டிக்கொள்கிறது.

காயிலை நான்கு இடத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கெபாசிட்டர் வைத்து மின்னழுத்தத்தைப் பிரியுங்கள். 2 மி.மீ. செம்புக் கம்பி என்றால் இண்டக்டன்ஸ் சுமார் 250 நானோஹென்றி வரும். மொத்தமாக 6 பிகோஃபாரட் சொச்சம் வேண்டும். தொடரில் நான்கு என்பதால் ஒவ்வொன்றும் 25 பிகோஃபாரட் அளவில் போடுங்கள், ஒன்று மட்டும் ட்ரிம்மர் (திருகி மாற்றக்கூடியது). நழுவல் வெகுவாகக் குறையும்.

அப்புறம், காற்றில் ஒரு முறையும் பாண்டம் மேல் ஒரு முறையும் Q (இழப்பு குறையக் குறைய உயரும் எண்) அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 2-க்குக் கீழே வந்தால் இரைச்சலில் பெரும்பங்கு உங்கள் காயிலுடையதுதான். சால்டரையும் கெபாசிட்டரின் தரத்தையும் சந்தேகப்படலாம். கெபாசிட்டர் அருகே ஒரு காந்தத்தையும் காட்டுங்கள். இழுத்தால் நிக்கல் பூச்சு, படத்தில் அந்த இடம் கறுத்துப்போகும். கடையில் சல்லிசாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த ரகம்.

ஸ்கேனர் சீமென்ஸ் என்றால் 3 டெஸ்லா என்று சொன்னாலும் அதிர்வெண் 127.7 அல்ல, 123.2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், ஒருமுறை சரிபாருங்கள்.

உங்கள் வரைபடத்தில் PIN டயோடு டீடியூனிங் சர்க்யூட் (ஸ்கேனர் அலை அனுப்பும் நேரத்தில் காயிலை அந்த அதிர்வெண்ணிலிருந்து விலக்கி வைப்பது) கண்ணில் படவில்லை. ஸ்கேனரின் பெரிய உடல் காயில் அலை அனுப்பும்போது உங்கள் காயில் அந்த அலையைப் பிடித்துச் சூடேறும், சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பும் போய்விடும். அந்த சர்க்யூட்டைச் சேர்க்கும்வரை ஆளை மட்டுமல்ல, பாண்டத்தைக்கூட உள்ளே வைக்காதீர்கள்.