எஞ்சினை வேண்டாம் என்றவர்கள் யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடற்கரைப் போராட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை.

நான் மின்னணுப் பொறியாளன். படகு எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு மீன் கிடைத்தது என்று பதிவுசெய்து கரைக்கு அனுப்பும் கருவி ஒன்றை எங்கள் நிறுவனம் செய்திருக்கிறது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். இலவசமாகத் தருகிறோம் என்றோம். இரண்டு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பது? உப்புத் தண்ணீர் ஏறினால்? எங்களுக்கு மீன் கிடைத்த இடம் யார் யார் கைக்குப் போகும்? கடைசியில் ஒருவர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஏழை நாடுகளில் சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் செய்துவைத்திருக்கும் வேலை இது என்றே எனக்குப் படுகிறது. எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோனாலும் சந்தேகம். மேலைநாட்டுக்காரன் தன் ஆறுகளைக் கெடுத்துப் பணக்காரன் ஆன பிறகு நமக்கு உபதேசம் செய்கிறான். அவன் பணத்தில் இங்கே போராட்டம் நடக்கிறது. வறுமைதான் மிகப் பெரிய மாசு என்று இந்திரா காந்தியே சொல்லியிருக்கிறாரே? கட்டுமரத்தில் போகிறவன் காலமெல்லாம் கட்டுமரத்திலேயே போக வேண்டுமா?

ம., பெங்களூரு

*

அன்புள்ள ம.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என் தாய்மாமன் கட்டுமரத்தில் போனவர். பின்னிரவில் பாய் விரித்துப் போவார். காற்று விழுந்துவிட்ட நாளில் கரை சேர மதியம் தாண்டும், அதுவரை துடுப்புதான். கரைக்கு வந்து சோற்றில் கை வைத்தால் விரல்கள் மடங்காது. எஞ்சின் வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. 1980களின் நடுவில் நான்கு பேர் சேர்ந்து, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றை வாங்கினார்கள். கடற்கரை மணலில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி, கயிற்றை இழுத்து முடுக்கிப் பார்த்ததை ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்று இரவு மாமா அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். உப்புக்காற்று படக்கூடாது என்று மாமி தன் சேலை ஒன்றை அதன் மேல் போர்த்தினாள்.

இதே மாமாதான் கடலடியை வலையால் வாரும் பெரிய விசைப்படகுகளுக்கு எதிரான ஊர்வலங்களிலும் முன்வரிசையில் போனார். இரண்டும் எப்படி ஒரே மனிதருக்குள் இருந்தன என்று புரிந்தால், உங்களுக்கு நான் சொல்ல வருவது பாதி புரிந்துவிடும்.

எஞ்சின் வருவதற்குச் சில வருடம் முன்பு ஒரு விடியற்காலையில் மாமா வலை இல்லாமல் திரும்பினார். இரவில் விட்டிருந்த வலையின் மேல் ஒரு விசைப்படகின் இழுவைமடி ஏறிப் போய்விட்டது. கையில் மிஞ்சியது இரண்டு மிதவையும் ஒரு முழம் வலையும். அந்தத் துண்டு எங்கள் கோழிக்கூட்டின் மேல் பல வருடம் கிடந்தது. வலைக்கு வாங்கிய கடனும் அதே அளவு காலம் இருந்தது. “எஞ்சினு வேண்டாம்னு எவன் சொன்னான்? எங்க வலைய அறுக்காத, கடல வழிச்செடுக்காதன்னுதான சொல்லுறோம்” என்பார்.

வெளிநாட்டுப் பணம் என்றீர்கள். விசைப்படகே வெளிநாட்டு உதவியில்தான் கேரளக் கரைக்கு வந்தது. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா. சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1953இல் கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் வேலை தொடங்கியது. நார்வே அரசு வெளிநாடு ஒன்றில் செய்த முதல் வளர்ச்சித் திட்டம் அது. வந்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு வரவில்லை. சுகாதார நிலையம் கட்டினார்கள், குடிநீர்க் குழாய் போட்டார்கள், ஐஸ் தொழிற்சாலை வைத்தார்கள். உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்த முடியுமா என்றுதான் முதலில் பார்த்தார்கள். அது சரிவராமல் புதிய படகுகளுக்குப் போனார்கள். பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு விலை கிடைத்தது. விலை போகாத இறாலைத் தென்னைக்கு உரமாகப் போட்ட கரையில், கடலடியை இழுத்து இறால் பிடிக்கும் படகுகள் பெருகின. மீன்பிடித் தொழிலையே அறியாதவர்கள் முதல் போட்டார்கள்.

இதில் பொறியாளரான நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விசைப்படகுக்குத் துறைமுகம் வேண்டும். நீண்டகரையில் காயல் வந்து கடலில் விழுகிறது, உள்ளே ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து குமரி முனை வரையுள்ள கரை அப்படியல்ல. பெரும்பாலும் திறந்த கரை, செங்குத்தாய்ச் சரியும் மணல், கரையருகே மடிந்து உடையும் அலை. அந்த அலையை வெட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து, மணலில் ஏற்றி வைக்க முடிந்தது கட்டுமரத்தைத்தான். ஆகவே யார் வளர்வார்கள், யார் பின்தங்குவார்கள் என்பதைப் படகின் வடிவமே தீர்மானித்துவிட்டது. வரைபடம் போட்டவர்கள் இதை எங்கள் கரைக்காரர்களிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இழுவைமடி வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பை போன்ற வலை, அதன் வாயை விரித்துப்பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடியில் இரும்புச் சங்கிலி தரையை உரசிக்கொண்டு போகும், இறால் துள்ளி எழும். கூடவே தரையில் இருக்கும் எல்லாமும் எழும். நான் ஒரு துறைமுகத்தில் மடி கொட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இறாலும் கணவாயும் ஒரு கூடை தேறும். மீதியெல்லாம் சுண்டுவிரல் நீள வாளைக்குஞ்சு, நண்டுக்குஞ்சு, பெயர் தெரியாத பொடி, உடைந்த சிப்பி, சேறு. அதை மண்வாரியால் அள்ளி ஓரமாகக் குவித்தார்கள், கோழித்தீவனத்துக்குப் போகும் என்றார்கள். அடுத்த வருடம் மாமாவின் வலைக்கு வரவேண்டிய மீன் அந்தக் குவியலில் இருந்தது.

1970களின் பிற்பாதியில் கேரளக் கரையில் மீன் வரத்து வெகுவாகக் குறைந்தது. 1978இல் நாடு தழுவிய மீனவர் அமைப்பு ஒன்று உருவானபோது அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: கட்டுமரம் மற்றும் நாட்டுப்படகு மீனவர்களின் உரிமைக்கும் கடல்வளத்துக்குமான தேசிய மன்றம். உரிமையையும் கடல்வளத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் அவர்களுக்கு யாரும் இறக்குமதி செய்து தந்ததல்ல. 1981இல் பாதிரியார் தாமஸ் கோச்சேரி உண்ணாவிரதம் இருந்தார். 1984இல் கோழிக்கோட்டில் கன்னியாஸ்திரி ஆலிஸ் இருந்தார். இழுவைப்படகுகளை எல்லாக் காலத்துக்கும் நிறுத்து என்பதல்ல முக்கியக் கோரிக்கை. பல மீன்கள் முட்டையிடும் மழைக்காலத்தில் மட்டும் நிறுத்து என்றார்கள்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. நீண்டகரையில் கரிக்காடி இறால் கொட்டும் பருவமே அந்த மழைக்காலம்தான். அந்தப் படகுகளில் கூலிக்குப் போனவர்களும் ஏழைகள்தான். குழு மாற்றிக் குழு அமைத்து, 1988இல்தான் முதல் தடை வந்தது. அதை அடுத்து மீன் வரத்து நன்றாகவே கூடியது. தடை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சாளை என்ற மத்தி மீன் வருவதற்கும் வராததற்கும் தனிக் கணக்கு உண்டு. ஆனால் இன்று மேற்குக் கரையில் ஜூன், ஜூலையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் விசைப்படகுகள் நிறுத்தப்படுவதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அரசு நாட்காட்டியில் ஏறிவிட்ட அந்த ஏற்பாட்டைத் தெருவில் நின்று கேட்டு வாங்கியவர்களில், படிப்பு வாசனை இல்லாத மீன்காரப் பெண்கள் பலர் இருந்தார்கள். 1989இல் வங்கத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் இரண்டு கரை வழியாகவும் நடந்து வந்தவர்கள் மே 1 அன்று கன்னியாகுமரியில் கூடினார்கள். அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாமா அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அவர் அன்று எஞ்சின் படகுக்குச் சொந்தக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள். கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய மரம் கிடைப்பது அருகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகைப் படகு ஒன்றை உருவாக்கினார். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் ஒட்டிச் செய்வது. எங்கள் அலையைத் தாண்டும், மணலில் ஏறும், எஞ்சினையும் தாங்கும். கடலுக்குக் கொண்டுபோவதும், குறை சொல்வதும், திருத்திச் செய்வதுமாகப் பலமுறை நடந்துதான் அது உருப்பட்டது. படகைச் செய்துகொடுக்கவும் எஞ்சினைப் பழுது பார்க்கவும் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பே பட்டறைகள் வைத்தது. இவரும் வெள்ளைக்காரர்தான், இதுவும் தொழில்நுட்பம்தான். ஊர் ஏற்றுக்கொண்டது.

இந்திரா காந்தி 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசியதை எல்லாரும் அரைவரியாக எடுத்துக்கொள்கிறார்கள். வறுமையும் தேவையும்தானே பெரிய மாசு என்று அவர் கேள்வியாகக் கேட்டார். அதற்கு முந்தின வாக்கியத்திலேயே, சுற்றுச்சூழலை மேலும் வறியதாக்க நாங்கள் விரும்பவில்லை, ஆனால் மக்களின் கொடிய வறுமையை ஒரு கணமும் மறக்கவும் முடியாது என்றும் சொன்னார். கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்த இரண்டும் வேறு வேறல்ல. கடல் வறியதானால் அன்று மாலையே அவன் அடுப்பில் தெரியும்.

உங்களோடு உடன்படும் இடமும் உண்டு. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. இயற்கை வேளாண்மை என்ற பெயரில் நடந்தது அது. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலைத் தோட்டங்கள் தவித்தன, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதை எந்தச் சூழலியலாளர் நியாயப்படுத்தினாலும் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். வயலில் நிற்பவனைக் கேட்காமல் மேலிருந்து இறக்கிய முடிவு. நீண்டகரையில் படகை இறக்கியதும் இதே முறையில்தான்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. விசைப்படகை எதிர்த்த ஊர்களிலேயே பின்னாளில் மீன்கூட்டத்தை வளைத்து மொத்தமாக அள்ளும் சுருக்குமடி வந்தது, எஞ்சினின் குதிரைத்திறன் போட்டி போட்டு ஏறியது, மண்ணெண்ணெய்க் கடன் கழுத்தை நெரித்தது. பாக் நீரிணையில் இன்று தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் யாழ்ப்பாணத்து மீனவர்களின் வலைகளை அறுக்கின்றன. போர் முடிந்து, பல வருடங்களுக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய ஏழைத் தமிழர்கள் அவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் மீனவர் கைதாகும்போது கொதிக்கிற நாம், அறுந்த அந்த வலைகளைப் பற்றிப் பேசுவதில்லை. என் மாமா கையில் இரண்டு மிதவையோடு வந்து நின்ற காட்சிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. சுறாவைத் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். ஜி.பி.எஸ்., கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் அவர்கள் சொந்தக் காசில் வாங்கி, தாங்களே கற்றுக்கொண்டவை. புயல் வருகிறது என்ற செய்தி மட்டும் அவர்களை எட்டவில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வயர்லெஸ் பேசாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று ஊர்க்காரர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நான் போயிருந்தேன். காணாமல் போனவரின் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பத் திரும்பக் கேட்டது ஹெலிகாப்டரையும் சாட்டிலைட் போனையும்தான். தொழில்நுட்பத்தைக் கேட்டு இந்த நாட்டில் நடந்த போராட்டம் அது. பிறகு இந்தியச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் நாவிக் கருவி வந்தது. முதலில் கொடுத்ததில் செய்தி வாங்கத்தான் முடிந்தது, நடுக்கடலிலிருந்து திருப்பி அனுப்ப வழியில்லை. அதையும் முதலில் சொன்னவர்கள் படகில் போனவர்களே.

இனி உங்கள் கருவிக்கு வருகிறேன். அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் நீங்களே ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் நல்ல கேள்விகள். நடுக்கடலில் நின்றுபோகும் பொருளுக்குப் பழுது பார்க்க ஆள் எங்கே என்று கேட்பது தொழில் தெரிந்தவனின் முதல் கேள்வி. உப்புத்தண்ணீர்க் கேள்விக்கு நீங்கள் போகும்போதே பதில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. மீன் கிடைக்கும் கடலடிப் பாறைத் திட்டை ஒருவன் கண்டுபிடிப்பது பல வருட உழைப்பு. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் சேர்த்துப் பார்த்து இடம் குறித்து, அதைத் தன் மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போன தலைமுறை அது. உங்கள் கருவி அந்த இடத்தைப் புள்ளியாக்கி உங்கள் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது ஒரு விசைப்படகு முதலாளிக்கோ ஏற்றுமதி நிறுவனத்துக்கோ விற்கப்படாது என்று நீங்கள் எழுத்தில் தரத் தயாரா? இலவசம் என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் கூடியிருக்கும். எனக்கும் கூடியிருக்கும்.

அந்த ஊருக்கு மறுபடி போங்கள். கருவியில் இரண்டு காரியம் செய்துகொண்டு போங்கள். மீன் கிடைத்த இடம் படகிலேயே இருக்கட்டும், படகுக்காரர் பொத்தானை அழுத்தினால் மட்டும் வெளியே போகட்டும். ஆபத்து என்றால் அங்கிருந்து கரைக்குச் செய்தி வரும்படி வையுங்கள். ஊரில் எஞ்சின் பழுது பார்க்கும் பையன்கள் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு இதைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்து பத்து மணிக்கெல்லாம் வலை பின்னும் கொட்டகையில் ஆள் இருக்கும். தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன்.

அன்புடன்.