சதை எடுக்காமல் கல்லீரல் கட்டி என்னவென்று சொல்ல முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) இருக்கிறது. குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 1.8 செ.மீ. கட்டி தெரிந்தது. ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோய்க்கான) ரத்தப் பரிசோதனை நார்மல். டாக்டர் டிரிபிள் ஃபேஸ் சி.டி. எடுக்கச் சொல்கிறார், பயாப்ஸி இப்போது வேண்டாம் என்கிறார். சதை எடுத்துப் பார்க்காமல் புற்றுநோயா என்று எப்படித் தெரியும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சின்னக் கட்டிகளில் ஏ.எஃப்.பி. பல நேரம் ஏறுவதே இல்லை. அதனால் அது நார்மல் என்று இருந்துவிடாதீர்கள்.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மீதிதான் தமனி வழியாக. கல்லீரலில் உருவாகும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளரும். டிரிபிள் ஃபேஸ் சி.டி.யில், ரத்தம் போகும் இடத்தை வெளுத்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி, வெவ்வேறு நேரங்களில் படம் எடுப்பார்கள். மருந்து ஏற்றி அரை நிமிடம் போல ஆனதும் எடுக்கும் படத்தில் அந்தக் கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதும் கல்லீரல் முழுக்க வெளுத்துவிடும், கட்டி கறுத்துப்போகும். முதலில் வெளுத்து அப்புறம் கறுத்தால், சிரோசிஸ் உள்ளவருக்கு அது புற்றுநோய் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் அதை 'எல்.ஆர்.-5' (உறுதியான புற்றுநோய்) என்று எழுதுவார்கள். சிரோசிஸில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்து, ரத்தம் உறைவதும் சரியில்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சதை எடுக்க ஊசி குத்தி ரத்தக்கசிவை ஏன் வரவழைக்க வேண்டும்?

பயப்படவும் வேண்டாம். சுருங்கிய கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்த்து முடிச்சு முடிச்சாக வளரும். அவற்றில் பல புற்றுநோய் அல்ல. 'எல்.ஆர்.-3' (உறுதியாகச் சொல்ல முடியாத நடுத்தர சந்தேகம்) என்று வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். படம் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ., சிலருக்குப் பயாப்ஸியும் தேவைப்படலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டிலேயே பழக்குங்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மெஷின் சொல்லும்போது அப்பா மூச்சு விட்டுவிட்டால், அந்த முதல் படம் கலங்கிப்போகும். மல்லாந்து படுக்க வைத்துப் பதினைந்து விநாடி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கினால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

புற்றுநோயாகவே இருந்தாலும் 2 செ.மீ.க்குள் பிடித்தால், ஊசி வழியாகச் சுட்டோ அறுவை செய்தோ முழுதாக அகற்ற நல்ல வாய்ப்பு உண்டு. இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.