கேள்வி-பதில்: ஓட்டை சின்னது, படகு மலிவு, வாங்கலாமா?

கேள்வி: முப்பது அடி நீள ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புயலில் கட்டியிருந்த கயிறு அறுந்து பாறையில் போய் மோதியதாம். வலது பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை, பாய்மரம் முறிந்துவிட்டது. "உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஏறியது, இறைத்துவிட்டோம்" என்கிறார் விற்பவர். நல்ல நிலையில் இருக்கும் இதே ரகப் படகின் விலையில் கால் பங்குதான் கேட்கிறார். எனக்குக் கைவேலை ஓரளவு வரும். நண்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார்கள், வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன நண்பர்கள் உப்புத்தாளும் கையுமாகத் தேய்க்க வருவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த ஓட்டை இல்லை, "கொஞ்சம் தண்ணீர்" என்ற வார்த்தையும் பாறையும்தான். ஓட்டை பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஃபைபர் படகில் சரிசெய்யச் சுலபமானது அதுதான். உடைந்ததை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள விளிம்பைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஆக உங்கள் இரண்டு கை ஓட்டை தேய்த்து முடிக்கும்போது மூன்று கை, நான்கு கை அகலத்துக்கு வந்து நிற்கும், அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது. அப்புறம் கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து ரெசினில், அதாவது காய்ந்தால் இறுகும் பிசினில், ஊறவைத்து நிரப்ப வேண்டியதுதான். படகின் பழைய, இறுகிப்போன பாலியெஸ்டர் ரெசின் மேல் புது பாலியெஸ்டரைவிட எபாக்சி ரெசின் நன்றாகப் பிடிக்கும், விலைதான் கூட. தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். மற்றபடி பொறுமை உள்ளவர் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

தண்ணீர் அப்படி இல்லை. உப்புத் தண்ணீரில் மூழ்கிய இன்ஜினை வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெயை மாற்றி மாற்றி ஓட்டினால் பிழைத்துக்கொள்ளும். இறைத்துவிட்டு அப்படியே வைத்திருந்தால், காற்றும் உப்பும் சேர்ந்து உள்ளே இறுக்கிப் பிடித்துவிடும், வெளியே பெயின்ட் மட்டும் புதுசாகத் தெரியும். வயரிங் இன்னும் மோசம். வயரின் உறைக்குள்ளே செப்பு இழைகளின் ஊடாக உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், நனையாத இடம் என்று நீங்கள் நினைக்கும் இடம்வரை. விற்பவர் சம்மதித்தால் தாழ்வான இடத்தில் ஒரு வயரை வெட்டி, ஒரு விரற்கடை உறையை உரித்துப் பாருங்கள். செம்பு செம்பாக மின்னினால் சரி. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் மொத்த வயரிங்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அவரிடம் கேட்டு என்ன பயன், படகிடம் கேளுங்கள். மெத்தைகளைத் தூக்கி, அலமாரிகளுக்குள் டார்ச் அடித்தால் ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குக் கீழே திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருக்கும், சுவிட்ச் பலகையின் பின்பக்கத்தில் வண்டல் படிந்திருக்கும். கோடு இன்ஜினுக்கு மேலே போனால், இன்ஜினின் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அடுத்தது பாறை. படகுக்கு அடியில் தொங்கும் இரும்பு அல்லது ஈயப் பாரத்தை, அதாவது கீலை, போல்ட்டுகளும் அதற்கு மேலே உள்ள ஃபைபர் சட்டகமும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீலின் முன்பக்கம் பாறையில் இடித்தால், பின்முனை மேல்நோக்கிப் படகின் வயிற்றில் குத்தும். அதனால் அடி வெளியே முன்னால் பட்டிருந்தாலும், உள்ளே கீலின் பின்முனைக்கு மேலே உள்ள தரைப் பலகைகளைத் தூக்கி அங்கேதான் விரிசல் தேட வேண்டும். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 2014-ல் சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, அந்தப் படகு முன்பு சில முறை தரைதட்டியதும் பிறகு செய்த ரிப்பேர்களும் சேர்ந்து கீலைப் பிடித்திருந்த இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது. தரைதட்டிய படகுகளுக்கே இப்படி, உங்களுடையது பாறையில் மோதியது. கிரேனில் தூக்கும்போது கூடவே நில்லுங்கள். அந்தரத்தில் தொங்கும்போது கீலும் படகும் சேரும் இடத்தில் கோடு விரிந்து, கீழே வைத்ததும் மூடிக்கொண்டால், அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போங்கள். பல படகுகளின் டெக் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்கும், ஊறிப் பிரிந்த இடத்தில் 'பொத்' என்று கேட்கும்.

பாய்மரம் முறிந்தது என்றால் மரத்தோடு போகவில்லை. அதைப் பிடித்திருந்த கம்பி வடங்கள், அந்த வடங்களைப் படகோடு இணைக்கும் பட்டைகள், அநேகமாகப் பாயும் சேர்ந்து போயிருக்கும். உடைந்த வேறொரு படகிலிருந்து பழைய பாய்மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், புதிதாகச் செய்தால் படகுக்கு நீங்கள் கொடுக்கும் விலையையே தாண்டலாம்.

இத்தனைக்கும் பிறகு கிரேன், லாரி, படகைக் கரையில் நிறுத்தி வேலை பார்க்கும் யார்டின் வாடகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை படகு விஷயத்தில் மிகை இல்லை. யார்டு வாடகை நீங்கள் வேலை செய்யாத மாதத்துக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் சொல்லும் கணக்கு இதுதான்: எல்லாச் செலவையும் எழுதிக் கூட்டி, அதில் இன்னும் பாதியைச் சேர்த்து, உங்கள் உழைப்புக்குக் கூலியே போடாமல் பாருங்கள். அப்படியும் நல்ல படகின் விலைக்கு நன்றாகக் கீழே நின்றால் மேலே பேசலாம். கடலில் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், இதே பணத்துக்குக் கொஞ்சம் வயதான, அடிபடாத படகை வாங்கி இந்தப் பருவத்திலேயே ஓட்டுங்கள். பிரித்து, தேய்த்து, பூசுவதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், கீல் சுத்தமாக இருக்கும்பட்சத்தில் வாங்குங்கள், ஆனால் கால் பங்கு விலைக்கு இல்லை, இன்னும் குறைத்து.

கேள்வி: இன்சூரன்ஸ் கம்பெனி "முழு இழப்பு" என்று கழித்துவிட்ட படகுகள் ஏலத்துக்கு வருகின்றன. முழு இழப்பு என்றால் சரிசெய்யவே முடியாது என்றுதானே அர்த்தம்?
(ஒரு வாசகி)

பதில்: இல்லை, அது கம்பெனியின் கணக்கு. யார்டு கூலியில் ரிப்பேர் செய்தால் இன்சூர் செய்த தொகையைத் தாண்டும் என்றால் கழித்துவிடுவார்கள். பழைய படகுக்குத் தொகையே குறைவு என்பதால், பாய்மரமும் கைப்பிடிக் கம்பிகளும் போனாலே கணக்கு முடிந்துவிடும், உடம்பு நன்றாகவே இருக்கலாம். பெரிய புயலுக்குப் பிறகு இப்படிப் படகுகள் குவியும். 2012-ல் சாண்டி புயலில் 65,000-க்கும் மேற்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் சேதமடைந்ததாக அமெரிக்காவின் படகு உரிமையாளர்கள் அமைப்பான போட்யூஎஸ் மதிப்பிட்டது. விலை சரியும், சரிதான், ஆனால் அதே நேரத்தில் யார்டுகளும் ரிப்பேர்காரர்களும் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள். கம்பெனிக்காகப் படகைச் சோதித்த சர்வேயரின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஏலம் கேட்பதற்கு முன்பே உரிமைப் பத்திரம் சுத்தமா, இந்தப் படகுக்கு மறுபடி இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத படகைப் பல மரினாக்கள், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைகள், உள்ளேயே விடுவதில்லை.

கேள்வி: சர்வேயருக்குக் கொடுக்கும் காசு தண்டம்தானே? நாமே தட்டிப் பார்க்க முடியாதா?
(இன்னொரு வாசகர்)

பதில்: நீங்கள் தட்டிப் பார்ப்பது எந்தப் படகுக்கு சர்வேயரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்ய. வாங்குவதற்கு முன் சர்வே வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்கிற ஆளை விட்டுவிட்டு, நீங்களே தேடி, நீங்களே காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஈரமானியும் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் படகைக் கரையேற்றிய அன்றைக்கே ஃபைபரில் ஈரம் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும், கொஞ்ச நாள் காயவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.