மாலத்தீவில் பெர்மிட் காலாவதி, கைரேகை எடுக்க ஆள் வருகிறார்கள்: கணவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் கணவர் மூன்று வருடங்களுக்கு முன் ஏஜென்ட் மூலம் மாலத்தீவுக்கு, ரிசார்ட்டில் சமையல் வேலை என்று போனார். எட்டு மாதத்தில் அங்கே சம்பளம் நின்றுபோனது. தெரிந்தவர் சொல்லி வேறு தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சேர்ந்துவிட்டார். வொர்க் பெர்மிட் கார்டு போன வருடமே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் பழைய முதலாளியிடம் இருக்கிறது. சமீபத்தில் கைரேகை எடுக்கும் குழு தீவுக்கு வந்தபோது பயந்து ஒளிந்துகொண்டார். பிடித்தால் ஜெயிலா? கைரேகை கொடுத்தால் பெர்மிட் கிடைக்குமா? இப்போது என் தம்பியையும் அதே ஏஜென்ட் “விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று கூப்பிடுகிறார். அனுப்பலாமா? (வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: தம்பி விஷயத்துக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கணவர் விஷயம் கொஞ்சம் நீளம்.

ஒளிந்தது தவறு. அவர் பயப்படும் அந்தக் கைரேகை நடவடிக்கைக்கு ‘குரங்கி’ என்று பெயர். 2024 மே மாதம் தொடங்கினார்கள். அந்நாட்டின் உள்துறைப் பாதுகாப்பு அமைச்சர் அலி இஹுசான், ஆவணமற்ற வெளிநாட்டவர் பிரச்சினையை மூன்று ஆண்டுகளில் முடிப்போம் என்று அறிவித்து நடத்தியது இது. தீவு தீவாகப் போய் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கைரேகையையும் முகப்படத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். யார் யார் இருக்கிறார்கள், எந்த முதலாளியின் பெயரில் வந்தார்கள், இப்போது யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று பொருத்திப் பார்ப்பதுதான் நோக்கம். ஆக, கைரேகை கொடுத்ததாலேயே பெர்மிட் கிடைத்துவிடாது. கொடுக்காமல் ஒளிந்தாலோ, நாளை சோதனையில் சிக்கும்போது “ஏமாந்துபோன தொழிலாளி” என்று சொல்லி நிற்க முடியாது. தப்பி ஓடியவர் என்ற கணக்கில்தான் நிற்க வேண்டியிருக்கும். இந்த அரசு வந்தபின் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படி நாடு கடத்தப்பட்டால் குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி உள்ளே நுழையவும் முடியாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று தெரிந்தால்தான் எங்கே வழி இருக்கிறது என்பதும் தெரியும். 2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,15,000. அதில் 1,32,000 பேர் வெளிநாட்டவர், அதாவது நான்கில் ஒருவர். பெரும்பாலானோர் வங்கதேசத்தவர்; அடுத்தபடி இந்தியர். ரிசார்ட் கட்டுவது, சமைப்பது, அறை சுத்தம் செய்வது, தலைநகர் மாலேயில் தெருக் கூட்டுவது, மீன் ஏற்றுவது எல்லாம் இவர்கள் கைகளில்தான். ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வரும் நாடு இவர்கள் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. இது அந்த அரசுக்கும் தெரியும்.

இவ்வளவு பேர் ஆவணம் இல்லாமல் போனது எப்படி? கள்ளத்தோணியில் வந்தவர்கள் இல்லை இவர்கள். பெரும்பாலோர் மாலே விமான நிலையத்தில் முறையாக முத்திரை வாங்கி நுழைந்தவர்கள். முதலாளி முதலில் அரசிடம் ‘கோட்டா’ வாங்குவார், இத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்று. பிறகு ஒவ்வொருவர் பெயருக்கும் வேலைக்கான ஒப்புதல் எடுப்பார். அதில் ஆளின் பாஸ்போர்ட் எண், என்ன வேலை, எந்த இடத்தில் என்பதெல்லாம் இருக்கும். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்காக ஒரு வைப்புத்தொகையும் கட்டுவார். ஆள் வந்தபின் மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, மாதாமாதம் பெர்மிட் கட்டணம், பிறகு கார்டு. இந்தச் சங்கிலி முழுவதும் முதலாளியின் கையில். தொழிலாளி தானாகப் போய்ப் பணம் கட்டிக் கார்டைப் புதுப்பிக்க வழி கிடையாது. முதலாளி கட்டணத்தைக் கட்டாமல் விட்டால், அல்லது ‘ஆளைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்துவிட்டால், நேற்றுவரை சட்டப்படி இருந்தவர் இன்று ஆவணமற்றவர். சம்பளம் தராத முதலாளியை விட்டு வெளியேறினாலும் அதே கதிதான்.

இல்லாத கட்டுமானத் திட்டத்துக்குக் காகிதத்தில் கோட்டா வாங்கி, நூறு பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “வெளியே போய் எங்காவது பிழைத்துக்கொள்” என்று விட்ட கம்பெனிகளும் உண்டு. ‘ஃப்ரீ விசா’ என்று ஏஜென்ட்கள் விற்பது இதைத்தான். அப்படி ஒரு விசா மாலத்தீவுச் சட்டத்தில் இல்லை.

அரசு இதைச் சரிசெய்யப் பார்க்காமலும் இல்லை. 2019 செப்டம்பரில் வங்கதேசத்திலிருந்து சாதாரணத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தியது. கூடவே ஆவணமற்றவர்களைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் திட்டம் ஒன்றையும் அறிவித்தது. சுமார் 40,000 பேர் பதிவும் செய்தார்கள். அதற்குள் கொரோனா. ரிசார்ட்டுகள் மூடின, சம்பளம் நின்றது, 2020 ஜூலையில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், பல ஆயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். 2023 டிசம்பரில் அந்த வங்கதேசத் தடையை விலக்கி, 2024 மே மாதத்தில் மறுபடி போட்டார்கள். ஒரே நாட்டிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வேறு. என்னைக் கேட்டால், வாசலை மூடி மூடித் திறப்பதால் இது தீராது. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்பட்டிருக்கும்வரை, கெட்ட முதலாளி ஒவ்வொருவரும் புதிதாகச் சில ஆவணமற்றவர்களை உருவாக்கிக்கொண்டே இருப்பார். சரி, அது அவர்கள் நாட்டுப் பாடு. உங்கள் கணவருக்கு வருவோம்.

அவர் இன்றைக்கே செய்ய வேண்டியது, கையில் இருக்கும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவது. காலாவதியான கார்டின் இரண்டு பக்கமும், ஒப்பந்தம், ஏஜென்ட் அனுப்பிய ஒப்புதல் கடிதம், சம்பளம் வங்கியில் ஏறிய விவரம், முதலாளியோடும் மேனேஜரோடும் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வீட்டில் எங்காவது இருக்கும், தேடுங்கள். சோதனையில் பிடித்துப் போனை வாங்கி வைத்துவிட்டால் பிறகு எதுவும் கிடைக்காது. கெஸ்ட் ஹவுஸில் வாங்கும் சம்பளத்துக்கும் ஏதாவது ஒரு தடயம் இருக்கட்டும். கையில் பணமாகக் கொடுத்தால், “இந்த மாதச் சம்பளம் இவ்வளவு கிடைத்தது” என்று முதலாளிக்கு ஒரு செய்தியாவது அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பழைய ரிசார்ட் அவர்மேல் ‘காணவில்லை’ புகார் கொடுத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். எல்லாமே இதில்தான் இருக்கிறது. மாலேயில் உள்ள இந்திய உயர் ஆணையத்தில் (நம் தூதரகம்தான் அது) தொழிலாளர் பிரச்சினைகளைக் கவனிக்கும் பிரிவு இருக்கிறது. அவர் நேரில் போக முடியாவிட்டால், நீங்கள் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். அது நேராக அங்கே போய்ச் சேரும். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். இரண்டும் இலவசம். நடுவில் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

புகார் இல்லை, பெர்மிட் கட்டணம் மட்டும்தான் கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் ஒரு வாய்ப்பு உண்டு. கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளரிடம் கோட்டா இருந்து, பழைய முதலாளியும் விட்டுக்கொடுத்தால், முறைப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். அடுத்தவர் பெயரில் வந்த ஆளை வைத்து வேலை வாங்குவது அந்த உரிமையாளருக்கும் குற்றம்தான். கைரேகை பொருத்தம் பார்த்தால் அவர் பெயரும்தானே வெளியே வரும்! நல்ல சமையல்காரரை விட மனமில்லாதவர் என்றால் செய்வார். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று மாதக்கணக்கில் இழுத்தால் அவர் செய்யப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் “பொதுமன்னிப்பு வந்திருக்கிறது, இத்தனை டாலர் கொடு, கார்டு வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வருவார்கள். கட்டாயம் வருவார்கள். உயர் ஆணையத்தில் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

புகார் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பிடிபடுவதற்கு முன் உயர் ஆணையத்தின் வழியாக முறையாக ஊர் திரும்புவதுதான் நல்லது என்பது என் கருத்து. வீட்டில் கடன் இருக்கும், இது கசப்பான யோசனை, தெரிகிறது. ஆனாலும் பிடித்துத் திருப்பி அனுப்பப்படுவதைவிட மேல். காலம் கடந்து தங்கியதற்கான அபராதம் பற்றிய பேச்சு வரும். அதை உயர் ஆணையம் வழியாகப் பேசிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் செலவு சட்டப்படி அழைத்து வந்த முதலாளியின் பொறுப்பு, அந்த வைப்புத்தொகை அதற்குத்தான். அது நடக்காமல் உண்மையிலேயே வழியற்றுப் போனவர்களுக்கு டிக்கெட் எடுக்க இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது மாலத்தீவின் 2013ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். தவிர இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, 1967ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மனுவில் இதை மறக்காமல் எழுதுங்கள். அவர்கள் திருப்பித் தரவே இல்லையென்றாலும், ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை உயர் ஆணையம் கொடுக்கும்.

ரிசார்ட் வைத்திருக்கும் சம்பளப் பாக்கியைச் சும்மா விட வேண்டாம். 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். வாரம் 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் ஒன்றேகால் மடங்கு, வெள்ளிக்கிழமையும் பொது விடுமுறையும் என்றால் ஒன்றரை மடங்கு. ரிசார்ட்டில் விருந்தினரிடம் வாங்கும் சர்வீஸ் சார்ஜில் ஊழியர்களுக்குப் பங்கு உண்டு. அது வந்ததா என்றும் கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை. ஆனால் 2022இல் கொண்டுவந்த குறைந்தபட்ச ஊதியம் வெளிநாட்டவருக்குப் பொருந்தாது. அதனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகைதான் எல்லாம், அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். புகாரைத் தொழிலாளர் உறவு ஆணையத்திலும், வழக்கை வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கியிருந்தால் மூன்று மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். உங்கள் கணவர் விஷயத்தில் அது கடந்துவிட்டது. சம்பளப் பாக்கி வேறு. அதற்கு அவர் அங்கே இருக்கும்போதே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு அந்தப் பணத்தை வாங்கியவர்கள் அபூர்வம்.

இப்படியே இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிடலாம் என்று அவர் நினைக்கக்கூடும். 2022 நவம்பர் 10 அன்று மாலேயில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் கடையில் தீப்பிடித்தது. மாடியில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். எந்த முதலாளியின் கணக்கிலும் இல்லாத ஆளுக்குக் கிடைப்பது இந்த மாதிரி அறைதான். காப்பீடு கிடையாது, மருத்துவமனைக்குப் போகவும் பயம், அடிபட்டால் “இவர் என் ஆள்” என்று சொல்ல யாரும் வர மாட்டார்கள்.

இனித் தம்பி. இந்தியர்கள் சுற்றுலாவுக்காக 90 நாள் விசா இல்லாமல் மாலத்தீவில் தங்கலாம் என்று 2019 முதல் ஒப்பந்தம் இருக்கிறது. ஏஜென்ட் வைத்திருக்கும் தூண்டில் இதுதான். திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் மாலே; உள்ளேயும் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த அனுமதியில் ஒரு நாள் வேலை செய்தாலும் சட்டவிரோதம். உங்கள் கணவராவது சரியான பெர்மிட்டோடு போய்ப் பிறகு இழந்தார். தம்பி வேலையில் இறங்கும் நாளிலிருந்தே ஆவணமற்றவராக இருப்பார், அவர் சார்பில் முதலாளி என்று ஒருவரும் பதிவில் இருக்க மாட்டார், வைப்புத்தொகையும் இருக்காது, புகார் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

நம் பக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வேலைக்குப் போனால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார். மாலத்தீவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விமான நிலையத்தில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதோடு. “எனக்கு மேலே ஒரு பெரிய ஏஜென்ட் இருக்கிறார்” என்று சொல்பவர் பதிவில்லாத சப்-ஏஜென்ட். தம்பிக்கு வெளிநாடு போயே ஆக வேண்டும் என்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பெயர் பதியச் சொல்லுங்கள்.

மாலத்தீவுதான் என்று அடம் பிடித்தால், டிக்கெட் போடும் முன் அந்நாட்டு அரசின் வேலை ஒப்புதல் கடிதமும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஒப்புதலில் தம்பியின் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா, அதிலுள்ள முதலாளி பெயரும் வேலை இடமும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். கட்டுமான வேலை என்று எழுதிவிட்டு, “அங்கே போனதும் ஹோட்டலில் சேர்த்துவிடுகிறேன்” என்று ஏஜென்ட் சொன்னால், உங்கள் கணவரின் கதையையே தம்பிக்கும் விற்கிறார் என்று அர்த்தம்.